கடை அடைக்கும் நேரத்தில் வரும் அப்டேட்: கணினியைப் பழுதில்லாமல் நிறுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூர் காந்தி ரோட்டிலும் தோட்டப்பாளையத்திலும், ஆற்காடு, குடியாத்தம் கடைத்தெருக்களிலும் இரவில் கடை அடைக்கும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். கல்லாவை எண்ணி முடித்து, சாமி படத்துக்கு முன் எரியும் சின்ன பல்பை அணைத்து, மெயின் சுவிட்சைக் கீழே தள்ளிவிட்டு ஷட்டரை இறக்குவார்கள். மின்கசிவால் தீப்பிடித்துவிடக் கூடாது என்ற அச்சத்தில் வந்த நல்ல பழக்கம் அது. கணினி பழுது பார்ப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, இந்தப் பழக்கமும் விண்டோஸின் தானியங்கிப் புதுப்பிப்பும் ஒரே நிமிடத்தில் மோதிக்கொண்டதால் வந்த அழைப்புகள் ஏராளம்.

அவற்றில் ஒன்றை மறக்க முடியவில்லை. மருத்துவமனைக்கு வரும் வெளிமாநில நோயாளிகளுக்கு ரயில் டிக்கெட் எடுத்துத் தரும் ஒரு ஜெராக்ஸ் கடையிலிருந்து காலை 9.40 மணிக்கு அழைத்தார்கள். குளிர்சாதன வகுப்புகளுக்கான தட்கல் முன்பதிவு 10 மணிக்குத் தொடங்கும். நான் போய்ச் சேர்ந்தபோது திரையில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கீழே, செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரி. நாற்காலியில் ஒரு வங்காளி அம்மா ஸ்கேன் படங்கள் வைத்த பெரிய உறையை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேத்து ராத்திரி அணைக்கச் சொல்ல சுத்திக்கினே இருந்துச்சு தம்பி. நேரமாச்சேன்னு மெயினை ஆஃப் பண்ணிட்டேன்” என்றார் கடைக்காரர்.

“எவ்வளவு நேரம் பாத்தீங்கண்ணே?”

“ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும்.”

கணினி 10.25-க்குத்தான் உயிர்பெற்றது. அந்த அம்மாவுக்கு அன்று டிக்கெட் கிடைக்கவில்லை. கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று அவருக்கு அதுவரை யாரும் விளக்கிச் சொன்னதில்லை. இந்த வழிகாட்டியின் நோக்கம் அதுதான். புதுப்பிக்கும் வேலையைக் கடை அடைக்கும் நேரத்துக்கு விட்டுவைக்காமல், மின்சாரமும் நேரமும் நம் கையில் இருக்கும் பகற்பொழுதில் நாமாகவே செய்து முடித்துவிட்டால், இரவில் கணினியை நிறுத்துவது சில விநாடி வேலையாகிவிடும்.

நிறுத்தும்போது மட்டும் ஏன் வருகிறது?

காட்பாடி ஜங்ஷனில் தண்டவாளத்தைப் பழுது பார்க்க லைன் பிளாக் எடுப்பார்கள். ஜல்லி கொட்டுவது, கருவிகளைக் கொண்டுவந்து அடுக்குவது போன்றவற்றை ரயில்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்துவிடலாம். தண்டவாளத்தைக் கழற்றி மாட்டுவதற்கு மட்டும் போக்குவரத்தை நிறுத்தித்தான் ஆக வேண்டும். விண்டோஸும் அப்படியே வேலை செய்கிறது. புதிய கோப்புகளைப் பதிவிறக்குவதையும் அவற்றைப் பிரித்துத் தயாராக வைப்பதையும் நீங்கள் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே பின்னணியில் முடித்துவிடுகிறது. ஆனால், இயக்க முறைமையின் மையக் கோப்புகள் எந்நேரமும் பயன்பாட்டில் இருப்பதால், அவற்றை மாற்றிவைக்கும் கடைசிக் கட்டத்துக்கு எல்லாச் செயலிகளும் மூடப்பட்டிருக்க வேண்டும். அதற்கு வாய்க்கும் சமயம், கணினி அணையும் நேரமும் மறுபடி எழும் நேரமும்தான்.

ஆகையால் வேலை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பகுதி அணையும்போதும், மறுபகுதி அடுத்து எழும்போதும் நடக்கும். “அப்டேட் அண்ட் ஷட் டவுன்” என்பதைத் தேர்ந்தெடுத்தால், பல சமயம் கணினி ஒருமுறை அணைந்து, தானாகவே மீண்டும் எழுந்து, மிச்ச வேலையை முடித்துக்கொண்ட பிறகே முழுமையாக அணையும். திரை கறுத்துப் பின் மீண்டும் வெளிச்சம் வருவதைப் பார்த்து, கணினி அடம்பிடிக்கிறது என்று எண்ணிப் பவர் பொத்தானை அழுத்துபவர்கள் பலர். அழுத்தக் கூடாத நேரம் அது. இதே கட்டளையைக் கொடுத்தும் கணினி அணையாமல் உள்நுழைவுத் திரையிலேயே விடியும்வரை நிற்கும் கோளாறு ஒன்று நெடுங்காலம் இருந்துவந்தது. மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை 2025 அக்டோபர் இறுதியில்தான் விண்டோஸ் 11-க்கு வெளியிட்டது. பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் திரை முழுதும் அணைந்ததா என்று நின்று பார்த்துவிட்டுப் போவது நல்லது.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். விண்டோஸ் 8 தொடங்கி, “ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்” என்ற வசதி இயங்கும் கணினிகளில் சாதாரண “ஷட் டவுன்” முழுமையான நிறுத்தமாக இருப்பதில்லை. மறுநாள் விரைவாக எழுவதற்காக, இயக்க முறைமையின் உட்கருவை அப்படியே வட்டில் (டிஸ்க்கில்) எழுதிவைத்துவிட்டு அது உறங்குகிறது. “ரீஸ்டார்ட்” கொடுக்கும்போதுதான் எல்லாம் கலைந்து புதிதாகத் தொடங்குகிறது. தினமும் நிறுத்தித்தானே வைக்கிறேன், பின் எதற்கு ரீஸ்டார்ட் கேட்கிறது என்று வியப்பவர்களுக்கு இதுவே விடை.

முதலில் அடையாளத்தைக் கண்டுகொள்ளுங்கள்

புதுப்பிப்பு தயாராகக் காத்திருந்தால், ஸ்டார்ட் பட்டியலில் உள்ள பவர் குறியின் மேல் ஆரஞ்சு நிறப் புள்ளி ஒன்று தோன்றும். அதைச் சொடுக்கினால் “அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்”, “அப்டேட் அண்ட் ஷட் டவுன்” என்ற இரண்டு வரிகள் கூடுதலாக இருக்கும். விண்டோஸ் 11-இல் எத்தனை நிமிடம் ஆகலாம் என்ற மதிப்பீட்டையும் சில சமயம் காட்டும். ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கணினிகளில் அந்த மதிப்பீட்டைப் போல இரண்டு மூன்று மடங்கை மனத்தில் வைத்துக்கொள்வது என் வழக்கம். இந்தப் புள்ளியை மாலையில் கடை அடைக்கும்போது பார்ப்பதைவிடக் காலையில் கடை திறந்தவுடன் பார்ப்பது பயனுள்ளது.

நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொள்வது இன்னும் நல்லது. மைக்ரோசாஃப்ட் 2003 முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையன்று பாதுகாப்புப் புதுப்பிப்புகளை வெளியிடுகிறது. அது எப்போதும் 8-ஆம் தேதிக்கும் 14-ஆம் தேதிக்கும் இடையில்தான் விழும். வெளியாகும் நேரம் அமெரிக்க மேற்குக் கடற்கரையில் காலை 10 மணி; அது நமக்கு அவர்களுடைய கோடையில் இரவு 10.30, குளிர்காலத்தில் இரவு 11.30. எனவே புதன்கிழமை பகலில் கணினி பதிவிறக்கத் தொடங்கும். புதன் இரவோ வியாழன் இரவோ கடை அடைக்கும்போது உங்கள் முன் வந்து நிற்கும். மாதத்தில் அவசரப் புதுப்பிப்புகளும் எப்போதாவது வரும் என்றாலும், இந்த ஒரு வாரத்தைக் கவனித்துக்கொண்டாலே தொல்லையின் பெரும்பகுதி குறையும்.

பகலில் நீங்களே முடிக்கும் முறை

நான் என் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் நேரம், அந்த வாரத்து வியாழக்கிழமை பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை. வேலூர் வெயிலில் அந்நேரம் தெருவில் நடமாட்டமே இருக்காது. கடைக்கு வருபவர்களும் குறைவு. ஆனால், அதற்கு முந்தைய நாளே செய்தித்தாளில் மின்வாரியத்தின் பராமரிப்பு அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும். உங்கள் துணை மின்நிலையத்தின் பெயர் அதில் இருந்தால், பெரும்பாலும் காலை 9 மணி முதல் பகல் முழுவதும் மின்சாரம் இருக்காது. வேறு நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். கோடை மழையின் இடி மின்னல் வரும் மாலைகளையும் தவிர்த்துவிடுங்கள்.

யு.பி.எஸ். இருக்கிறதே என்று நம்பி இறங்குவதற்கு முன், அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று சோதித்துப் பாருங்கள். கணினி சும்மா இருக்கும்போது, திறந்த கோப்புகளையெல்லாம் சேமித்துவிட்டு, யு.பி.எஸ்.ஸின் சுவர் பிளக்கை அணைத்து நிமிடங்களை எண்ணுங்கள். கடைகளில் உள்ள சிறிய யு.பி.எஸ்.கள் புதிதாக இருக்கும்போதே கால் மணி நேரத்துக்கு மேல் தாங்குவது அரிது. பேட்டரி மாற்றாமல் மூன்று ஆண்டுகள் ஓடியவை இரண்டு நிமிடத்தில் கூவிவிட்டு அணைந்துவிடுகின்றன. மடிக்கணினி என்றால் சார்ஜரை மாட்டிவிட்டே தொடங்குங்கள்.

பிறகு, டேலி போன்ற கணக்கு மென்பொருளை முறையாக மூடி, அன்றைய தரவின் நகலைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றை மட்டும் தவறவிடக் கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் விண்டோஸை எப்போது வேண்டுமானாலும் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம், ஓராண்டுக் கணக்கை அப்படிப் பெற முடியாது. சி டிரைவில் போதிய இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள், 10 ஜி.பி.க்குக் குறைவாக இருந்தால் முதலில் தேவையற்றவற்றை நீக்குங்கள்.

இனி “செட்டிங்ஸ்” பகுதியில் “விண்டோஸ் அப்டேட்” பக்கத்தைத் திறந்து, “செக் ஃபார் அப்டேட்ஸ்” என்பதை அழுத்துங்கள். பதிவிறக்கமும் நிறுவலும் முடிந்து, “ரீஸ்டார்ட் நவ்” என்று வரும் வரை உங்கள் வேலையைத் தொடரலாம். வந்தவுடன் எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள்; ஷட் டவுன் வேண்டாம். கணினி எழுந்து உள்நுழைந்த பிறகு, அதே பக்கத்துக்குத் திரும்பிப் போய் மீண்டும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒன்று நிறுவப்பட்ட பிறகே அடுத்தது தலைகாட்டுவதுண்டு. அதை விட்டுவிட்டால், இரவில் அதே வரி மறுபடி வந்து நிற்கும்.

ஒரே கடையில் ஐந்தாறு கணினிகள் இருந்தால், “அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்” உள்ளே “டெலிவரி ஆப்டிமைசேஷன்” என்ற பகுதியில், உள்ளூர் வலைப்பின்னலில் உள்ள கணினிகளிலிருந்து பெற்றுக்கொள்ள அனுமதி கொடுங்கள். ஒரு கணினி இறக்கியதைப் பக்கத்துக் கணினிகளும் எடுத்துக்கொள்ளும். இணைய இணைப்பும் திணறாது.

மாற்றிவைக்க வேண்டிய அமைப்புகள்

“ஆக்டிவ் ஹவர்ஸ்” என்பது, இந்த நேரத்துக்குள் தானாக மறுதொடக்கம் செய்யாதே என்று விண்டோஸுக்கு நாம் விதிக்கும் எல்லை. அதிகபட்சம் 18 மணி நேரம் வரை கொடுக்கலாம். கணினியே கணித்துக்கொள்ளும் முறையை விடுத்து, காலை 6 மணி முதல் இரவு 12 மணி வரை என்று நீங்களே நிர்ணயித்துவிடுங்கள். மறுதொடக்கம் தேவைப்படும்போது அறிவிக்கச் சொல்லும் விருப்பத்தை இயக்கத்திலும், வெளியானவுடன் முந்திக்கொண்டு பெறும் விருப்பத்தை அணைத்தும் வையுங்கள்.

தேர்வு, திருமணம், ஆண்டுக் கணக்கு முடிப்பு போன்ற நாட்களில் “பாஸ் அப்டேட்ஸ்” மூலம் ஐந்து வாரம் வரை தள்ளிப்போடலாம். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைபவர்கள் அந்த இணைப்பை “மீட்டர்டு கனெக்‌ஷன்” என்று குறித்துவிட்டால், பெரும்பாலான புதுப்பிப்புகள் தாமாக இறங்காது. விண்டோஸின் ப்ரோ பதிப்பு வைத்திருப்பவர்கள், கணினிக்கான விதிகளை அமைக்கும் குரூப் பாலிசி என்ற பகுதியில், பதிவிறக்கும் முன்பே கேட்கும்படி மாற்றிக்கொள்ளலாம்.

புதுப்பிப்புச் சேவையையே நிரந்தரமாக முடக்கித் தருகிறேன் என்று சொல்பவர்களிடம் கணினியைக் கொடுக்காதீர்கள். 2017 மே 12 அன்று வான்னாகிரை என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளிவந்திருந்தது. இடையில் இருந்த இரண்டு மாதத்தில் நிறுவாமல் விட்டவர்களே பெரிதும் பாதிக்கப்பட்டார்கள். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் இப்போது அப்டேட் தொல்லையே இல்லை என்று மகிழ்வதையும் கேட்கிறேன். 2025 அக்டோபர் 14 உடன் அதற்கான வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது என்பதே அதன் பொருள். தனிப் பயனர்கள் நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும். வங்கிப் பரிமாற்றம் நடக்கும் கணினியில் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அவசரமாகக் கிளம்ப வேண்டும், ஆனால் புள்ளி தெரிகிறது

கல்லூரி விடுதியிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு காட்பாடி ரயிலுக்கு ஓடும் மாணவர்களுக்கு இது அடிக்கடி நேரும். பட்டியலை நிதானமாகப் படியுங்கள். புதுப்பிக்காமல் வெறுமனே நிறுத்தும் “ஷட் டவுன்” வரி பெரும்பாலும் அங்கேயே இருக்கும்; அவசரத்தில் கண் அதன் மேல் படுவதில்லை. அங்கே இல்லாவிட்டால், எல்லாச் சாளரங்களையும் சுருக்கிவிட்டு, டெஸ்க்டாப்பின் வெற்றிடத்தில் ஒருமுறை சொடுக்கி, ஆல்ட் விசையுடன் எஃப் 4 விசையை அழுத்துங்கள். வரும் சிறு பெட்டியின் கீழ்விரி பட்டியலில் அந்த விருப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையெனில் ஹைபர்னேட் செய்யுங்கள்; திறந்திருப்பதை அப்படியே வட்டில் எழுதிவைத்துவிட்டு அணையும் முறை அது. பட்டியலில் ஹைபர்னேட் தெரியாவிட்டால், கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் அதை வரவழைக்கலாம். இதை அவசர நாளில் தேடிக்கொண்டிருக்காமல் முன்னதாகவே செய்துவையுங்கள்.

புதுப்பிப்பு ஓடத் தொடங்கிவிட்ட மடிக்கணினியை மூடிப் பைக்குள் திணிக்காதீர்கள். உள்ளே விசிறி சுழன்றுகொண்டிருக்க, காற்றுக்கு வழியில்லாமல் அது கொதிக்கும். பாதி வழியில் பேட்டரியும் தீரலாம். ரயிலில் திறந்தபடி மடியில் வைத்துக்கொள்வது, பார்க்க எப்படியிருந்தாலும், பாதுகாப்பானது.

ஓடத் தொடங்கிய பிறகு

சதவீத எண் சீராக ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள். 30-இல் பத்து நிமிடம் நிற்கும், பிறகு ஒரே தாவலில் 74 காட்டும், 100-க்கு வந்தும் அங்கேயே கிடக்கும். எண்ணை விட்டுவிட்டு, சி.பி.யூ. பெட்டியின் முகப்பில் உள்ள ஹார்ட் டிஸ்க் விளக்கைப் பாருங்கள். சிவப்போ ஆரஞ்சோ, அந்தச் சிறிய விளக்கு ஒழுங்கில்லாமல் மினுக்கிக்கொண்டிருக்கும் வரை உள்ளே வேலை நடக்கிறது. விளக்கு முற்றிலும் அடங்கி, எண்ணும் அசையாமல், இரண்டு மூன்று மணி நேரம் கடந்தால் மட்டுமே பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைக்கலாம்.

கடைக்காரர்களுக்கு இன்னொரு வழி உண்டு. கணினிக்கான பிளக் பாயின்டை மட்டும் மெயின் சுவிட்சுக்குக் கட்டுப்படாத தனி எம்.சி.பி.யில் (தானாக விழும் சிறு மின்சுவிட்சில்) மின்பணியாளரைக் கொண்டு இணைத்துவிட்டால், மற்ற அனைத்தையும் அணைத்துவிட்டு ஷட்டரை இறக்கலாம். கணினி தன் வேலையை முடித்து அணைந்துகொள்ளும். அது முடியாதவர்கள், திரையும் சி.பி.யூ. விளக்கும் அணைந்த பிறகே தொடவும் என்று ஒரு சீட்டை மெயின் சுவிட்சின் மேல் ஒட்டிவைக்கலாம். மேலே சொன்ன ஜெராக்ஸ் கடையில் அந்தச் சீட்டு இன்றும் இருக்கிறது.

மின்சாரம் போயே போய்விட்டால் பதற வேண்டாம். பெரும்பாலும் அடுத்த முறை எழும்போது விண்டோஸ் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அந்த வேலையையும் இடையில் நிறுத்திவிடாமல் பொறுத்திருக்க வேண்டும். அடுத்தடுத்து எழ முடியாமல் போனால் மீட்புத் திரை தானாக வரும். அதில் “ட்ரபிள்ஷூட்”, “அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்” வழியாகச் சென்று முதலில் “ஸ்டார்ட்அப் ரிப்பேர்”, அதற்கும் அசையவில்லையெனில் “அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்” என்ற வரிசையில் முயலுங்கள்.

வட்டு பூட்டப்பட்ட கணினிகள் இந்த இடத்தில், விண்டோஸின் வட்டுப் பூட்டு வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தால் அது அங்கே சேமிக்கப்பட்டிருக்கும் வாய்ப்பு உண்டு. இன்றே அதைத் தேடி எடுத்து, தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள். அந்த எண் இல்லாமல் உள்ளே இருக்கும் புகைப்படங்களையும் கணக்குகளையும் என்னால் மட்டுமல்ல, யாராலும் திறக்க முடியாது.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது, “ஃபார்மட் போட்டுறலாமா?” என்று கேட்டால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் வட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்துத் தரவை எடுத்துத் தரச் சொல்லுங்கள். பாதியில் நின்ற புதுப்பிப்பு உங்கள் கோப்புகளை அழிப்பது மிக அரிது. அவசரத்தில் போடும் ஃபார்மட்தான் அழித்துவிடுகிறது.

மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை நிரலான பயாஸ் அல்லது ஃபர்ம்வேரின் புதுப்பிப்பு ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கே கிடையாது. அது ஓடும்போது உற்பத்தியாளரின் முத்திரையும் ஒரு பட்டையும் மட்டும் தெரியும். அப்போது மின்சாரம் நின்றால் மதர்போர்டே செயலிழக்கக்கூடும் என்பதால், முழு சார்ஜும் மின் இணைப்பும் இல்லாமல் தொடங்கவே கூடாது.

விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இயக்க முறைமையைப் பயன்படுத்துபவர்களுக்கும் நிறுத்தும்போது பின்னணிப் புதுப்பிப்பு முடியும் வரை காத்திருக்கச் சொல்லும் வரி வருவதுண்டு. அங்கும் இதே பொறுமைதான் தேவை. அதில் வேலை பொதுவாகச் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

மறுநாள் காலையில்

கடை திறந்தவுடன், வாடிக்கையாளர் வருவதற்கு முன் ஒரு பக்கம் பிரின்ட் எடுத்துப் பாருங்கள். ஸ்கேனர், கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஆகியவற்றையும் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். 2021-இல் அச்சிடும் சேவையின் ஓட்டையை அடைக்க வந்த புதுப்பிப்புகளுக்குப் பிறகு, வலைப்பின்னலில் பகிர்ந்திருந்த பிரின்டர்கள் பல இடங்களில் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றன. அப்படி ஏதேனும் நின்றுபோனால், “அப்டேட் ஹிஸ்டரி” பக்கத்தின் வழியாகக் கடைசியாக வந்ததை நீக்கிவிட்டு, ஒரு வாரம் “பாஸ்” போட்டு, திருத்தம் வந்த பிறகு மீண்டும் நிறுவுங்கள். பதிப்பையே மாற்றும் பெரிய புதுப்பிப்பாக இருந்தால், பழைய பதிப்புக்குத் திரும்ப 10 நாட்களே அவகாசம். அதற்குள் டேலி, பிரின்டர், டோக்கன் ஆகிய மூன்றையும் நன்றாகச் சோதித்துவிடுங்கள். அதன் பிறகு பழைய கோப்புகளை விண்டோஸ் தானே அழித்துவிடும்.